பம்பருக்கு ஒரு கம்பளி

மான் வேட்டை தொடங்குகிற அன்றைக்குத்தான் கிளெம் ட்ரெவாரோ தன் காரைக் குளிர்காலத்துக்குத் தூங்க வைப்பார். அன்றைக்கு ஊரில் பள்ளிக்கூடம் இருக்காது, மர ஆலை ஓடாது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே காட்டுக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். கிளெம்முக்கு வயது எண்பதை நெருங்குகிறது. நெஞ்சைக் கிழித்து வைத்தியம் செய்த பிறகு டாக்டர் அவரைக் காட்டுப் பக்கம் விடுவதில்லை. எனக்கு முட்டி போய்விட்டது. கூரையில் பனி தள்ளி, விறகு பிளந்து, உறைந்த மண்ணில் சவக்குழி வெட்டிப் பிழைத்தவனுடைய முட்டி அது. வேட்டைக்குப் போகாத ஆண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய ஷெட்டில் கூடுவோம்.

கார் சின்னது, பச்சை நிறம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு மடிதான். ஜெர்மனியில் பட்டாளத்தில் இருந்தபோது ஒரு இங்கிலீஷ்காரனிடம் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். சாலையில் முதல் உப்பு லாரி போவதற்குள் அது ஷெட்டுக்குள் வந்துவிட வேண்டும். அந்தத் தகடு உப்பைத் தாங்காது. நமுத்துப் போன அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

அன்று காலை ஷெட்டுக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. எண்ணெய் பீப்பாயை வெட்டி அவரே செய்த இரும்பு அடுப்பு, காரின் இடது பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் இருந்தது. மேப்பிள் விறகு அதற்குள் உறுமிக்கொண்டிருந்தது.

"டேய் ஆர்மஸ், டேங்கு நெறஞ்சிருக்கான்னு பாரு."

"வாய் வரைக்கும் நெறஞ்சிருக்கு. இதுக்கு மேல ஊத்தினா வாந்தி எடுக்கும்."

"எடுக்கட்டும். பாதி டேங்கா விட்டா உள்ள ஈரம் வேர்த்துத் துரு புடிக்கும். நீ பாதி வயித்தோட தூங்குவியா?"

"நான் தூங்குறதை விடுங்க. இது நம்ம ரெண்டு பேரையும்விட நல்லாத் தூங்குது."

எலி புகாமல் இருக்க சைலன்சர் வாயில் இரும்பு நாரை அடைத்தேன். சீட்டுக்கு அடியில் புதினா எண்ணெய் நனைத்த பஞ்சு வைத்தேன். பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன், அவர் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வீட்டு நிலவறைக்குப் போனார். பிறகு ஒவ்வொரு மூலையாக ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஐந்து மாதம் ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

ஷெட்டின் தரை மண்தரை. அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் எப்போதும் பலகை வைப்போம். மூன்று மூலை முடிந்தது. அடுப்புப் பக்கத்து மூலைக்கு வந்தபோது பலகையைக் காணோம்.

"நாலாவது பலகை எங்க?"

"எந்தப் பலகை?"

"வருஷா வருஷம் வெக்கிற பலகைங்க. மூணுதான் இருக்கு."

கிளெம் அடுப்பைப் பார்த்தார். அப்புறம் மேற்கூரையைப் பார்த்தார். "நல்லாக் காஞ்ச பலகைடா. சட்டுனு புடிச்சுக்கிச்சு."

"நாசமாப் போச்சு."

"தரை கல்லு மாதிரிதானே கெடக்கு? பலகை என்னத்துக்கு?"

சுத்தியலை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தேன். டங்கென்றது. ஒரு வாரமாக உறைந்து கிடந்த மண். சிமெண்டு தோற்றுவிடும். ஸ்டாண்டை அப்படியே மண்ணில் வைத்து இறக்கினேன். அசைத்துப் பார்த்தேன், நின்றது. நான் சவக்குழி வெட்டுகிறவன். குழி வெட்டும் முன் உறைந்த மண்ணின் மேல் கரி மூட்டி அதை இளக்குகிறவன். அடுப்பு பக்கத்திலேயே எரிகிறது. அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போனதோ.

"கடைசிச் சக்கரத்தை நிலவறைக்குக் கொண்டு போகாதீங்க," என்றேன். "அடியில தள்ளி வெக்கணும். கார் எறங்கினாலும் அது தாங்கும்."

"மண்ணுல போட்டா ரப்பர் பாழாயிடும். சோப்புப் போட்டுக் கழுவி எறக்கிட்டு வந்துடறேன்."

நான் எண்ணெய்த் துணியைத் தேடி நிமிர்வதற்குள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முணுமுணுத்த பாட்டு முற்றத்தைத் தாண்டி, நிலவறைக் கதவுக்குள் போய் மங்கியது. அடித்தகட்டுக்கு எண்ணெய் பூசுவதுதான் பாக்கி. மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஏதாவது முறிந்திருந்தால், கிரீச்சிட்டிருந்தால், நான் உருண்டிருப்பேன். ஸ்டாண்டின் ஒரு கால், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மண்ணுக்குள் இறங்கியது. மேலே இருந்த பச்சைத் தகடு மெதுவாக என் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. அப்புறம் மெதுவாக இல்லை.

கண்ணைத் திறந்தபோது உயிரோடு இருந்தேன். சக்கரம் இல்லாத அச்சு மண்ணில் குத்தி நின்றிருந்தது. அதனால்தான் கார் முழுசாக இறங்கவில்லை. ஆனால் அச்சைத் தாங்கும் வில்பட்டையின் இரும்புக் காது என் இடது தோளைத் தரையோடு வைத்து அழுத்தியிருந்தது. வலி உடனே வரவில்லை. மூச்சை இழுத்தேன், பாதிதான் வந்தது. நெஞ்சு விரிய இடம் இல்லை.

"கிளெம்!"

அது கத்தல் இல்லை. பூனை தும்மியது போல இருந்தது. நிலவறையிலிருந்து தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தமும் அவருடைய பாட்டும் கேட்டன. அவருக்கு ஒரு காது வேறு கேட்காது. வலது கையை நீட்டிக் கதவைத் திறந்து ஹாரனை அழுத்தலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பேட்டரி நிலவறையில் இருந்தது. ஜாக்கி என் காலுக்கு அப்பால், காரின் அடியில் சரிந்து கிடந்தது. சக்கரங்கள் நிலவறையில், சோப்புப் போட்டு, சுத்தமாக.

அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் வந்தது. டப். கொஞ்சம் பொறுத்து, டப்.

கழுத்தில் சில்லென்று ஒன்று பட்டது. வாசனையில் தெரிந்தது. வாய் வரைக்கும் நிரப்பிய டேங்க், இடது பக்கம் சாய்ந்ததும் அதன் காற்றுப்போக்குக் குழாய் வழியாக வடிய ஆரம்பித்திருந்தது. தலையைத் திருப்பினேன். அடுப்பின் வயிறு மங்கலாகச் சிவந்து தெரிந்தது. தரை அந்தப் பக்கம்தான் பள்ளம். எத்தனையோ குளிர்காலம் நாங்கள் நின்று குளிர்காய்ந்து மிதித்த பள்ளம்.

பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தரையாக ஊரும். அடுப்பின் காற்றுவாய் தரையோரம் இருந்தது, அது காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. எங்கள் அம்மா ஃபின்லாந்து மொழியில் சொல்லித் தந்த ஜெபத்தில் முதல் வரிதான் ஞாபகம் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவில் இரும்பு ஒரு மயிரிழை இறங்கியது. தோளில் தெரிந்தது. மண் இன்னும் இளகிக்கொண்டிருந்தது. அடுப்பு எரிகிற வரைக்கும் கார் இறங்கும்.

கடைசியில் பூட்ஸ் சத்தம் வந்தது. என் கால்கள் மட்டும் வெளியே தெரிந்திருக்கும்.

"பாருய்யா, துரையோட தூக்கத்தை," என்றார் கிளெம். "கெழவன் படியேறிப் படியெறங்கிச் சாகறேன்."

"கிளெம். கார் என் மேல இருக்கு."

முட்டிகள் மண்ணில் விழுகிற சத்தம். அவருடைய முகம் பக்கவாட்டில் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது.

"ஐயோ கடவுளே. ஐயோ, ஆர்மஸ்."

"அடுப்பு... காத்துவாயை மூடுங்க. பெட்ரோல் ஒழுகுது."

எழுந்து ஓடினார். தகடு சாத்துகிற சத்தம் கேட்டது. "தண்ணி ஊத்தட்டுமாடா?"

"வேணாம்! பொறி தெறிக்கும். விறகு... விறகைக் காருக்கு அடியில முட்டுக் குடுங்க."

அடுக்கியிருந்த மேப்பிள் கட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காரின் ஓரத்தில் செருகினார். மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கு அவர் நெஞ்சை நினைத்தும் பயம். அவர் விழுந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்? மூன்றாவது கட்டையில் கார் உட்கார்ந்தது. இறங்குவது நின்றது. சொட்டு நிற்கவில்லை.

"பூனை வெளிக்குப் போறதுக்குப் போடுற மண்ணு மூட்டை, கதவோரம்," என்றேன். "பள்ளத்துக்குக் குறுக்க கொட்டுங்க."

கொட்டினார். பெட்ரோலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சின்ன வரப்பு போட்டார். "நான் போய் போன் பண்றேன். நீ எங்கயும் போயிடாத."

"எங்க போக?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தனியாகக் கிடந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வரப்பு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. என் சட்டை கழுத்திலிருந்து நெஞ்சு வரை நனைந்துவிட்டது, தோல் எரிந்தது. அடுப்புக்குள் ஒரு கட்டை முறிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே என் உடம்பு துள்ளியது. துள்ளியதில் தோள் எலும்பு எதுவோ விலகியது.

பெரிய கதவைத் திறந்துகொண்டு கிளெம் வந்தார். பனி தூற ஆரம்பித்திருந்தது.

"மர்லீன்தான் எடுத்தா," என்றார். மர்லீனின் புருஷன் ரூடிதான் எங்கள் ஊர்த் தீயணைப்பு ஆட்களுக்குத் தலைவன். "எல்லாரும் காட்டுலதான். அங்க போன் எடுக்காது. அவளே வண்டியை எடுத்துக்கிட்டுக் கூட்டிட்டு வரப் போயிருக்கா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ பேசாதே. மூச்சை மிச்சம் புடி."

வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி வெடித்தது. மூன்று வெடி, ஒரே இடைவெளி விட்டு. காட்டில் ஆபத்து என்றால் அதுதான் எங்கள் அடையாளம், கேட்டவன் ஓடி வர வேண்டும். ஒரு நிமிஷம் நிசப்தம். அப்புறம் மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு வெடி. ஏரிப் பக்கத்திலிருந்து இரண்டு. பிறகு எல்லாத் திசையிலிருந்தும். அன்றைக்கு அந்தக் காட்டில் மூன்று வெடியை எண்ணுகிறவன் எவன் இருந்தான்?

கிளெம் மறுபடி வந்து குந்தினார். வரப்பைப் பார்த்தார். ஒரு இடத்தில் உடைந்து, விரல் அகலத்துக்கு ஈரம் அடுப்புப் பக்கம் போயிருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

"ஆர்மஸ். பனி தள்ற வண்டியை எடுத்துட்டு வரட்டுமா? முன்னாடி இருக்கிற தகட்டைத் தூக்க முடியும்ல? சங்கிலியைப் பின் பம்பர்ல மாட்டித் தூக்கினா..."

"இஞ்சின் ஓடும்," என்றேன். "பெட்ரோல் பக்கத்துல."

"ஆமா."

"வேற வழி?"

"இல்ல."

"அப்ப எடுத்துட்டு வாங்க."

வண்டி உறுமிக்கொண்டு கதவு வழியாக மூக்கை நீட்டியது. அதன் விளக்கு வெளிச்சம் காருக்கு அடியில் வந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் மினுமினுத்த ஈரத்தைக் காட்டியது. ஆறு மாதக் குழந்தை கை நீட்டினால்கூட அடுப்பை எட்டிவிடும், ஈரம் அவ்வளவு கிட்டத்தில் போயிருந்தது. சங்கிலி கலகலத்தது. ஒரு முனையைப் பனி வண்டித் தகட்டின் கொக்கியில் மாட்டினார். மறு முனையைப் பம்பருக்குக் கொண்டுவந்தார். பூட்ஸ் என் தலைமாட்டில் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

"கிளெம்?"

"ஒரு நிமிஷம்டா."

பூட்ஸ் திரும்பி நடந்தது. முற்றத்தில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். வீட்டுக் கதவு திறந்து அடித்துக்கொண்டது.

அந்தப் பயம் வேறு மாதிரி. அதுவரை நெருப்புக்கும் இரும்புக்கும் பயந்தேன். இப்போது ஒரு மனுஷன் போய்விட்டானே என்று பயந்தேன். அவர் நெஞ்சு அடைத்து அடுக்களையில் விழுந்திருப்பாரோ? பார்க்க முடியாமல் ஓடிவிட்டாரோ? அழக்கூட மூச்சு இல்லை. ஈரத்தின் நுனி, விளக்கு வெளிச்சத்தில், எறும்பு போல நகர்ந்தது. அடுப்பின் கால் அருகே போய், ஒரு சின்னக் கல்லைச் சுற்றி வளைந்தது.

கதவு மறுபடி அடித்தது. கிளெம் ஓடி வந்தார். கையில் சிவப்புக் கம்பளி. அவருடைய கட்டிலில் கிடப்பது. அதை மடித்து, பம்பரின் வெள்ளிப் பூச்சின் மேல் சுற்றி, அதன் மேல் சங்கிலியை இறுக்கினார்.

"இப்ப தூக்கறேன். இடம் கெடைச்ச உடனே உருளு. புரியுதா?"

இஞ்சின் உறுமியது. சங்கிலி விறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், நெருப்பு பிடித்தால் கண்ணை மூடியபடியே உயிர் போகட்டும் என்று. தோளிலிருந்து இரும்பு எழுந்தது. எழுந்த பிறகுதான் வலி வந்தது, அடி வயிற்றிலிருந்து ஒரு ஊளை வந்தது. உருண்டேன். வலது கையால் மண்ணைப் பிறாண்டி, முழங்காலால் தள்ளி, கதவுக்கு வெளியே பனியில் போய் விழுந்தேன். கிளெம் வண்டியை அணைத்துவிட்டு ஓடி வந்து என் சட்டையைக் கிழித்து எறிந்தார், பனியை அள்ளிக் கழுத்தில் தேய்த்தார். ஷெட்டுக்குள் ஒன்றும் வெடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், வெடிக்கப் போகிறது, வெடிக்கப் போகிறது என்று.

ரூடியும் ஆட்களும் ஆரஞ்சு வேட்டைச் சட்டையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுப்பைச் சங்கிலி போட்டு வெளியே இழுத்தார்கள். சங்கிலியில் தொங்கின காரைப் பார்த்து ரூடி சொன்னான்: "ஏன் பெருசு, மான் கெடைக்கலேன்னு இதைச் சுட்டுத் தொங்க விட்டுட்டியா?" யாரும் சிரிக்கவில்லை. அவன் வரப்பைப் பார்த்தான், அடுப்புக் காலைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. கழுத்துத் தோல் வெங்காயம் போல உரிந்தது. நான்காவது நாள் கிளெம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டிப் பொட்டலத்தோடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"இரும்போட இரும்பு உரசினா பொறி பறக்கும்டா. அதுக்குத்தான் கம்பளி."

"ம்," என்றேன்.

அவர் போனதும் என் பெண்டாட்டி டார்லா பாஸ்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள். "பம்பருக்குப் போத்திவிட்டானா? உனக்கு ஒரு கைக்குட்டையாவது போத்தினானா அந்தக் கெழவன்?"

"பொறி பறக்கும்னு சொன்னாரே."

"அப்ப இன்னொரு முனை?"

அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். மறு முனை பனி வண்டித் தகட்டின் கொக்கியில் வெறும் இரும்போடு இரும்பாகத்தான் மாட்டியிருந்தது. அங்கே கம்பளி இல்லை. பனியில் கிடந்தபோதே அதைப் பார்த்தேன். காரின் பம்பரையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அந்தக் குளிர்காலம் நான் சரியாகத் தூங்கவில்லை. குழாய் சொட்டினால் எழுந்து போய் இறுக்குவேன். இறுக்கின பிறகும் சொட்டும். டார்லா அடுப்பில் விறகு போட்டால், அது முறிகிற சத்தத்துக்கு என் கை தானாகத் தோளுக்குப் போகும். வெயில் காலத்தில் பச்சைக் கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிக்கும். நான் கொட்டகைக்குள் போய்விடுவேன்.

நவம்பரில் போன் வந்தது.

"ஆர்மஸ். நாளைக்கு அவளை ஸ்டாண்டுல ஏத்தணும்."

"வேற ஆளைப் பாருங்க, கிளெம்."

"சரிடா," என்றார். "நானே பாத்துக்கறேன்."

டார்லா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போகாதே," என்றாள். நானும் போகக் கூடாதென்றுதான் படுத்தேன். ஆனால் அந்தக் கிழவர், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, மல்லாக்கப் படுத்து காருக்கு அடியில் நகர்கிற காட்சி இமைக்குள் வந்து நின்றுகொண்டது. வேட்டை தொடங்குகிற நாள். மூன்று வெடி வெடித்தாலும் யாரும் வரமாட்டார்கள். அவரைத் தவிர அதை அறிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

விடிந்ததும் போனேன். கை கதவைத் தள்ளவில்லை. தோளால் தள்ளினேன், உடைந்த தோளால்.

ஷெட்டுக்குள் எலும்பு வரை குளிர். அடுப்பு இருந்த இடம் காலி. பள்ளத்தில் புது மண் போட்டு மிதித்துச் சமமாக்கியிருந்தது. கார் நான்கு ஸ்டாண்டில் நின்றது, நான்கின் அடியிலும் தடித்த புதுப் பலகை. கழற்றின சக்கரங்கள் நான்கும், கழுவாமல், சேற்றோடு, காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. நான் படுக்கிற இடத்தில் அந்தச் சிவப்புக் கம்பளி விரித்திருந்தது. அதில் சங்கிலி பதிந்த கறுப்புத் தடம் இன்னும் போகவில்லை.

கிளெம் பம்பருக்குப் பக்கத்தில் நின்றார். மூக்கு சிவந்திருந்தது.

"பேட்டரி?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு. ஹாரன் அடிக்கும், அடிச்சுப் பாத்துட்டேன்."

"டேங்கு?"

"பாதிதான்."

"துரு புடிக்குமே."

"புடிக்கட்டும்."

நான் எண்ணெய்த் துணியை எடுத்தேன். கம்பளியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். படுக்க உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பல் கிட்டியது. குளிர் என்று அவர் நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவர் முனகிக்கொண்டு முட்டியை மடக்கி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க போறீங்க அடுத்து?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல."

மல்லாக்கச் சாய்ந்து உள்ளே நகர்ந்தேன். பச்சைத் தகடு முகத்துக்கு மேலே வந்து நின்றது. காட்டில் முதல் வெடி கேட்டது. அதற்கப்புறம் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் கையை நிறுத்தி, தலையைத் திருப்பி, அவருடைய பூட்ஸ் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.